ஆயிரத்து நூற்று நாற்பது வரிகளுக்கு ஒருத்தி

அந்த ஆஸ்பத்திரியைப் பழைய கட்டடத்திலிருந்து புதிய கட்டடத்துக்கு மாற்றுவதற்கு ஒரு பிளான் இருந்தது. லேசுப்பட்ட பிளான் இல்லை. வெளியூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து, மூன்று மாதம் ஏசி அறையில் உட்கார்ந்து, காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எண்ணி எழுதிய பிளான். உச்சியில் 'ஆஸ்பத்திரியை மாற்றுவது' என்று ஒரே வரி. அது பன்னிரண்டு பெரிய கிளைகளாகப் பிரியும். ஒவ்வொரு கிளையும் சிறு கிளைகளாகப் பிரிந்து பிரிந்து, கடைசியில் 'நான்காம் மாடி, மூன்றாம் கட்டில், சக்கரத்துக்கு எண்ணெய்' என்று போய் நிற்கும். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது வரிகள். அச்சடித்து ஒட்டி விரித்தபோது அது அலுவலக வாசலில் ஆரம்பித்து, மாடிப்படி இறங்கி, மருந்துக் கவுண்டரைத் தாண்டி, எக்ஸ்ரே அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டதாம். எக்ஸ்ரேக்காரர் பழக்கதோஷத்தில் அதையும் ஒரு படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முறிவு எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினார் என்றும் கேள்வி.

ஆலோசகர் பிளானை ஒப்படைத்தார், எல்லோருக்கும் கைகொடுத்தார், போய்விட்டார். பெற்ற குழந்தையை வாசலில் வைத்துவிட்டுப் போன கதைதான். குழந்தை அழகாக இருந்ததால் ஆளுக்கு ஒரு முத்தம் கொடுத்தார்கள். பாலூட்டத்தான் யாருமில்லை.

அலுவலகத்தில் ஒரு கிளார்க் இருந்தாள். நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருடம் நோயாளிகளின் ஃபைல்களோடு குடும்பம் நடத்தியவள். எந்த ஃபைலைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவாள். தருவதற்கு முன் கண்ணைத் திறந்து, "இவருக்கு ஒரு பக்கத்துல வலது காதுன்னு எழுதியிருக்கு, அடுத்த பக்கத்துல இடது காதுன்னு இருக்கு, எந்தக் காதுன்னு கேட்டுட்டு வாங்க" என்று டாக்டரையே திருப்பி அனுப்புவாள். கையில் எப்போதும் ஏதாவது பட்டியல் இருக்கும் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவள் பட்டியலக்கா. வீட்டுக்குக் காய்கறி கொண்டுவருகிறவருக்கும் அவள் அதேதான்.

இடம் மாறுவதற்கு நான்கு மாதம் இருக்கும்போது ஒரு கூட்டம் நடந்தது. குறிப்பு எழுத அவளை ஓரமாக உட்காரவைத்திருந்தார்கள். நடுவில் பெரிய டாக்டர். ஆஸ்பத்திரியின் தலைவர் அவர்தான். அவர் தும்மினால் இரண்டு வார்டு தள்ளிப் படுத்திருப்பவருக்குக் காய்ச்சல் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். பயத்தில் இறங்குவது காய்ச்சல் மட்டும் இல்லை என்பதும் உண்மை.

சமையலறைக்காரர் ஐந்தாம் தேதி புதிய கட்டடத்துக்குப் போவதாகச் சொன்னார். இன்ஜினியர், லிஃப்ட் ஒன்பதாம் தேதிதான் ஓடும் என்றார்.

"அப்போ நாலு நாளைக்குச் சாப்பாடு எப்படி மேல போகும்? பறந்தா?" என்றார் பெரிய டாக்டர்.

விசாரித்ததில், ஆளுக்கு ஒரு பிளான் நகல் வைத்திருந்தார்கள். ஆளாளுக்குத் தங்கள் நகலில் தங்கள் இஷ்டத்துக்குத் தேதியை மாற்றியும் வைத்திருந்தார்கள்.

"பிளான் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். ஐந்து கைகள் உயர்ந்தன.

"பிளானை யார் பார்த்துக்கிறாங்க?"

ஐந்து கைகளும் இறங்கின. சரியாக அந்த நேரம் பார்த்து பட்டியலக்கா கையைத் தூக்கினாள். அஞ்சு தேதி சொல்கிறீர்களே, குறிப்பில் எந்தத் தேதியை எழுதட்டும் என்று கேட்பதற்காக.

"ரொம்ப நல்லது. நீங்களே பார்த்துக்குங்க," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வார்கள். அவள் கையைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

மாட்டிக்கொண்டவள் புலம்பவில்லை. அன்று மாலைக்குள் ஐந்து நகல்களையும் பிடுங்கிவந்தாள். இன்ஜினியர் தன் நகலை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார். அவள் அந்த மேஜை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய பட்டாணியை உரிக்க ஆரம்பித்தாள். அரைக் கிலோ உரிப்பதற்குள் சாவி வந்துவிட்டது. ஐந்தையும் ஒப்பிட்டு ஒரே பிளான் ஆக்கி, அதை அலுவலகத்துக்கும் கழிவறைக்கும் நடுவில் உள்ள நடைவழிச் சுவரில் ஒட்டினாள். ஏன் அங்கே என்று கேட்டதற்கு, "கோயிலுக்குப் போகாதவங்க இருப்பாங்க, அங்க போகாதவங்க யாரு?" என்றாள்.

பிறகு சட்டம் போட்டாள். ஒரு வரிக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். 'மின் துறை', 'நர்சிங் துறை' என்றெல்லாம் எழுதினால் அடித்துவிடுவாள். துறைக்குக் கை கிடையாது, கையெழுத்தும் கிடையாது, ஆளைச் சொல்லுங்கள் என்பாள். பிளானில் ஒரு தேதியை ஒரு நாள் நகர்த்தினாலும், சுவருக்குக் கீழே ஆணியில் தொங்கும் நீள நோட்டில் எழுத வேண்டும்: என்ன மாறுகிறது, எதிலிருந்து எதற்கு, ஏன், யார் சொல்லி. கையெழுத்தில்லாமல் பென்சில் புள்ளிகூட நகராது.

வியாழக்கிழமைதோறும் கிளம்பிப்போய் ஒவ்வொரு பொறுப்பாளரையும் பார்ப்பாள். ஆரம்பத்தில் எவ்வளவு முடிந்தது என்று கேட்டாள். எல்லோரும் தொண்ணூறு சதவீதம் என்றார்கள். அந்த ஆஸ்பத்திரியில் எல்லா வேலையும் பிறக்கும்போதே தொண்ணூறு சதவீதம் முடிந்தே பிறந்தது. இன்னும் தோண்ட ஆரம்பிக்காத குழிகூடத் தொண்ணூறு சதவீதம். இரண்டாவது வாரம் கேள்வியை மாற்றினாள். "இன்னும் என்ன பாக்கி? எத்தனை நாள்?" அவ்வளவுதான். அதைக் கேட்டதும் பலருக்குத் திடீரென்று வேறெங்கோ அவசர வேலை வந்தது. அவள் வாசலில் நின்றாள், வேலை முடிந்து வந்தார்கள், பதில் சொன்னார்கள்.

இவ்வளவு கண்டிப்புக்காரியை வீட்டில் ஆட்டிவைக்க ஒருத்தி இருந்தாள். மாமியார்.

மாமியாருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. திங்கள், புதன், வெள்ளி அதே ஆஸ்பத்திரியில் நான்காம் நம்பர் நாற்காலியில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு வைத்திருந்தார். அந்த அளவுக்குக் கோடு போட்ட பாட்டில் பட்டியலக்காவின் கையில். மாமியார் வாய் கொப்பளிக்கிறேன் என்று போய்க் குடித்துவிட்டு வருவாள். மருமகள் வாஷ்பேசின் பக்கத்தில் நின்று, கொப்பளித்தது வெளியே வருகிறதா என்று பார்ப்பாள்.

"என் மகன் பொண்டாட்டி கட்டிக்கிட்டு வரல, வாட்டர் மீட்டரைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்," என்று மாமியார் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வாள். பஸ் ஓட்டும் மகன் எதுவும் காதில் விழாத மாதிரி சாப்பிட்டு முடிப்பான். இஞ்சின் சத்தத்தில் பழகிய காது.

இடம் மாறும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. நூற்று அறுபது உள்நோயாளிகள், எல்லா வார்டும், ஒரே நாளில். 'ஒரே நாளில்' என்பதைப் பெரிய டாக்டர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார், அமைச்சர் அலுவலகத்தில் சொன்னார். புதிய கட்டடத்தின் நெற்றியில் 'ஒரே நாளில்' என்று ஆளுயர எழுத்தில் பேனரும் கட்டியாயிற்று. அன்று மாலை ஆறு மணிக்குப் பழைய கட்டடத்துக்கு மின்சாரம் துண்டிக்கப்படும் என்பது ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டாவது வரி.

ஒன்பது நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை. பட்டியலக்கா அந்த வாரம் முழுக்கப் பிளானைக் கையில் எடுத்துக்கொண்டு புதிய கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தாள். காகிதத்தில் சரியாக இருப்பது தரையிலும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவளுக்கு ஒரு வழி இருந்தது. தானே நோயாளியாகிவிடுவாள். பிரசவ வார்டில் படுத்துப் பார்த்தபோது கூப்பிடும் மணி கைக்கு எட்டவில்லை என்று கண்டுபிடித்தாள். எலும்பு வார்டில் ஒற்றைக் காலில் போய்க் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தாள். அன்று மூன்றாம் மாடி டயாலிசிஸ் அறை. பதினொரு புது நாற்காலிகள், பதினொரு மெஷின்கள், பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. நான்காம் நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டினாள்.

"சிஸ்டர், நான்தான் எங்க மாமியார். ஆரம்பிங்க."

டயாலிசிஸ் வார்டின் தலைமை நர்ஸை எல்லோரும் சிஸ்டர் என்பார்கள். சிரிக்கத் தெரிந்தவள். "உங்க மாமியார்னா முதல்ல என்னைத் திட்டணுமே அக்கா," என்றாள்.

"திட்டியாச்சுன்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு வேலையா வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க."

"எடை பார்த்தாச்சு. பி.பி. பார்த்தாச்சு. மெஷினை ஆன் பண்றேன். தண்ணி லைனைத் திறக்கிறேன்..." என்று குழாய்த் திருகில் கைவைத்த சிஸ்டர் அப்படியே நின்றாள். "அக்கா, இந்தப் புது லைனோட தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் எங்க?"

"உங்ககிட்ட இல்லையா?"

"இன்ஜினியர் சார் பக்கம்னு நினைச்சேன். லைன் போட்டது அவர்தானே?"

பட்டியலக்கா எழுந்து உட்கார்ந்தாள். ஃபோன் போட்டாள். இன்ஜினியர் சந்தோஷமாகப் பேசினார். "குழாய் போட்டாச்சு, சுத்திகரிப்பு மெஷின் வெச்சாச்சு, என் வரி எல்லாம் டிக் ஆச்சே அக்கா. டெஸ்டா? அது மருத்துவ விஷயம். சிஸ்டர் பக்கம்."

அவள் பிளானைப் பிரித்தாள். 'டயாலிசிஸ் தண்ணீர்' என்ற மேல்வரிக்குக் கீழே இன்ஜினியரின் வரிகள் 'குழாய் அமைத்தல் முடிந்தது' என்று முடிந்தன. சிஸ்டரின் வரிகள் 'மெஷினை இணைத்தல்' என்று ஆரம்பித்தன. நடுவில் ஒன்றுமில்லை. மேல்வரியின் பொறுப்பாளர் இடத்தில் ஆலோசகரின் கையால் 'இரு துறைகளும்' என்று இருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பதில் அவள் அடிக்காமல் விட்ட ஒரே ஒரு 'துறை'. இரண்டு பேர் இருக்கிறார்களே என்று கண் தாண்டிப் போயிருந்தது. இரண்டு மாமன் இருந்தும் பட்டினி கிடந்த மருமகன் கதை.

"டெஸ்ட் எவ்வளவு நாள்?"

"லைனைக் கிருமிநாசினி ஊத்திக் கழுவ ஒரு நாள். அப்புறம் தண்ணி எடுத்து லேபுக்கு அனுப்பணும். கிருமி வளருதா இல்லையான்னு பார்க்க ஏழு நாள். அதைச் சுருக்க முடியாதுக்கா. அதுங்க அவசரப்பட்டு வளராது," என்றாள் சிஸ்டர். இப்போது அவள் சிரிக்கவில்லை. "ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு நூத்திருபது லிட்டர் தண்ணி ஓடும். ஒரு மெல்லிசு சவ்வு. இந்தப் பக்கம் ரத்தம், அந்தப் பக்கம் இந்தத் தண்ணி. அவ்வளவுதான் இடைவெளி."

இருபத்திரண்டு பேர் அந்த வார்டின் நோயாளிகள். அதில் ஒருத்தி, இந்நேரம் பழைய கட்டடத்தில் சாய்ந்துகொண்டு மருமகளைப் பற்றிப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாலை நான்கு மணிக்குப் பெரிய டாக்டரின் அறையில் நான்கு பேரும் கூடினார்கள். பட்டியலக்கா நோட்டை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"என்னம்மா இது? ஒன்பது நாள் இருக்கும்போது வந்து தண்ணி டெஸ்டுங்கறீங்க? நாலு மாசமா என்ன பார்த்தீங்க?"

"தப்பு என்னுது சார். மேல்வரிக்கு ரெண்டு ஆள் இருந்ததைக் கவனிக்காம விட்டுட்டேன். நோட்டுல எழுதிட்டேன்." எழுதித்தான் இருந்தாள். காரணம் என்ற இடத்தில் தன் பிழையையும், கீழே தன் கையெழுத்தையும்.

திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்த பாதி வசனம் பெரிய டாக்டருக்கு வீணாகிப்போனது. இன்ஜினியர் உதவிக்கு வந்தார்.

"சார், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. நானே ரெண்டு டம்ளர் குடிச்சேன். பாருங்க, கல்லு மாதிரி நிக்கிறேன்."

"நீங்க குடிச்சது வயித்துக்குப் போச்சு சார். இது ரத்தத்துக்குப் பக்கத்துல போகுது," என்றாள் பட்டியலக்கா.

"சரிக்கா, ஏழு நாள் வேணாம். ரெண்டு நாள் டெஸ்ட் ஏதாவது இருக்கும். பிளான்ல ரெண்டுன்னு போட்டுடுங்க. எல்லாருக்கும் நிம்மதி."

"போட்டுடலாம்." அவள் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டே படித்தாள். "மாற்றம்: தண்ணீர் டெஸ்ட். ஏழு நாள், ரெண்டு நாள் ஆகுது. காரணம் சொல்லுங்க சார்."

"காரணம் என்ன பெரிய காரணம்? பெரிய டாக்டர் சொன்னார்னு எழுதுங்க."

"நான் எப்பய்யா சொன்னேன்?" என்று நாற்காலியிலிருந்து எழுந்தார் பெரிய டாக்டர். "சிஸ்டர்தான் டெஸ்ட் பத்தித் தெரிஞ்சவங்க."

"எனக்குத் தெரிஞ்சது ஏழு நாள் சார். ரெண்டு நாள்னு சொன்னவங்க போடட்டும்."

பேனா மேஜையைச் சுற்றி மூன்று தடவை வந்தது. வெந்நீர்ச் சொம்பை வாங்குகிற மாதிரி வாங்கி, அதே வேகத்தில் அடுத்தவர் பக்கம் தள்ளினார்கள். கடைசியில் அது இன்ஜினியர் முன்னால் நின்றது. அவர் நல்ல மனிதர்தான். எழுதியிருந்ததை ஒரு தடவை மனசுக்குள் படித்தார். கீழே காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அந்த 'ரெண்டு' என்பதைத் தானே அடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஏழுதான் சார்," என்றார்.

"அடுத்தது, இந்த மேல்வரிக்கு ஒரு ஆள் வேணும்," என்றாள் பட்டியலக்கா. "இன்ஜினியர் சார் கிளையும் சிஸ்டர் கிளையும் சேர்ற இடத்துல யார் இருக்காங்களோ அவங்கதான் ஆள். பிளானைப் பார்த்தேன். நீங்கதான் சார்."

"அம்மா, நான் டாக்டர். பிளம்பர் இல்ல."

"நீங்க குழாயைப் பிடிக்க வேணாம். யாராவது கேள்வி கேட்டா பதில் உங்ககிட்ட இருக்கணும், அவ்வளவுதான்."

பெரிய டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். "உங்க மாமியார் அந்த வார்டுதானே? மாமியாருக்காக ஆஸ்பத்திரியையே நிறுத்தறீங்கன்னு வெளியில பேச மாட்டாங்களா?"

"பேசட்டும் சார். மாமியாரைக் காப்பாத்தப் பார்த்த மருமகள்னு உலகத்துல ஒருத்தியாவது பேர் வாங்கிட்டுப் போறேன்."

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி.

ஆனால் இன்னொரு பக்கத்தில் போட மறுத்துவிட்டார். ரிசல்ட் சரியில்லை என்று வந்தால் டயாலிசிஸ் வார்டு மட்டும் எட்டு நாள் பழைய கட்டடத்திலேயே இருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும், லிஃப்ட் வேண்டும், காவல் வேண்டும், இரண்டு டாக்டர்கள் வேண்டும். அதையெல்லாம் முப்பத்தொரு வரிகளாகப் பிரித்து எழுதிக் கொண்டுபோயிருந்தாள்.

"ஒரே நாளில்னு சொல்லியாச்சு. ஃபெயில் ஆகாது. அபசகுனமா எழுதாதீங்க," என்று தள்ளிவிட்டார்.

அவள் வாதாடவில்லை. மறுநாள் சனிக்கிழமை காலை இன்ஜினியர் லைனைக் கழுவ ஆரம்பித்தார். மாலையில் சிஸ்டர் நான்கு இடங்களில் தண்ணீர் பிடித்து லேபுக்கு அனுப்பினாள். பட்டியலக்கா முப்பத்தொரு வரிகளையும் சுவரில் பிளானுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆள் தேட ஆரம்பித்தாள். வேண்டாம் என்று சொல்லப்பட்ட வேலைக்கு ஆள் பிடிப்பது, வராத மழைக்குக் குடை விற்கிற மாதிரி. ஒரு வாரத்தில் இருபத்தாறு பேரைப் பிடித்துவிட்டாள். இருபத்தேழாவதாக மின்சாரத்தைத் துண்டிக்காமல் வைத்திருக்க இன்ஜினியரிடம் போனாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் பென்சிலை வாங்கித் தன்னை எழுதிக்கொண்டு, "மிச்சம் நாலும் எனக்கே போடுங்க. அந்த ரெண்டு டம்ளர் தண்ணி இன்னும் வயித்துல உறுத்துது," என்றார்.

வீட்டுக்குள் சேதி அதற்கு முன்பே போய்விட்டது. அந்தப் புதன்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்த மாமியார் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"ஏண்டி, எனக்காக நீ ஆஸ்பத்திரியையே நிறுத்தி வெச்சிருக்கியாமே?"

"உங்களுக்காக இல்ல அத்தை. இருபத்திரண்டு பேருக்காக."

"அதானே பார்த்தேன். எனக்கு அரை டம்ளர் தண்ணி கூட தராதவ, எனக்காக ஆஸ்பத்திரியை நிறுத்தினான்னா யாரு நம்புவா? வார்டுல எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடறாங்க. எனக்கு மானமே போகுது." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "தண்ணி சரியில்லன்னா என்ன ஆகும்?"

"ஜுரம் வரும். குளிர் தூக்கிப் போடும். உங்க வயசுக்கு..." அவள் நிறுத்தினாள்.

"சரி, சரி. விட்டுக் கொடுக்காத," என்றாள் மாமியார். அவளுக்கே அது பாராட்டு மாதிரி கேட்டிருக்க வேண்டும், உடனே, "உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா, வாஷ்பேசின்கிட்ட பார்க்கிறேனே தினமும்," என்று சேர்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு லேபிலிருந்து ஃபோன் வந்தது. சிஸ்டர் எழுதிக்கொண்டாள். நான்கில் இரண்டு சுத்தம். லைனின் கடைக்கோடியில் பிடித்த இரண்டில் கிருமி வளர்ந்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் ஆம்புலன்ஸ் கிளம்ப வேண்டும்.

பெரிய டாக்டர் ரிசல்ட்டைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். கண்ணாடி துடைத்ததால் எண் குறையவில்லை.

"அளவைவிடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி. மெஷின்ல ஒரு ஃபில்டர் இருக்கே சிஸ்டர்?"

"இருக்கு சார். நீங்க எழுதிக் கொடுத்தா நான் போட்டுவிடறேன்."

ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தின் பேனர் தெரிந்தது. பட்டியலக்கா நோட்டை மேஜையில் வைத்து, அவருடைய அழுத்தமான கையெழுத்து இருந்த பக்கத்தைத் திறந்தாள். அதற்குப் பக்கத்தில் முப்பத்தொரு பென்சில் வரிகளை வைத்தாள். எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது.

"இந்த வரி உங்களோடது சார். நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன். எதைச் சொன்னாலும் முழுசா எழுதுவேன்."

அவர் பேனரைப் பார்த்தார். பிறகு முப்பத்தொரு வரிகளையும் ஒன்றுவிடாமல் படித்தார். பதினான்காவதில் நிறுத்தி, "ரெண்டு டாக்டர் பத்தாது, மூணு போடுங்க. மூணாவது நான்," என்றார். கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை காகிதத்துக்கு வலிக்கவில்லை. பட்டியலக்கா அங்கேயே உட்கார்ந்து பென்சிலின் மேல் பேனாவை ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நூற்று அறுபது பேரும் மாறினார்கள். நடந்ததை அப்படியே சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். ஐ.சி.யூ. நோயாளி ஒருவர் பாதி வழியில் கண் விழித்து, இறங்கும் இடம் வந்துவிட்டதா என்று கேட்டதும், பிரசவ வார்டிலிருந்து கிளம்பும்போது பதினேழாக இருந்த தலைகள் போய்ச் சேரும்போது பதினெட்டாக இருந்ததும் பிளானில் இல்லாதவை. பதினெட்டாவது தலைக்கு அவள் அங்கேயே ஒரு வரி சேர்த்தாள். அம்மாவைப் பொறுப்பாளராகப் போட்டாள். அமைச்சர் வந்தபோது பேனரில் 'ஒரே நாளில்' என்ற இடத்தை மறைத்துக்கொண்டு வாசல் கூரைமேல் மூன்று பெரிய பனைச்செடித் தொட்டிகள் முளைத்திருந்தன. இன்ஜினியரின் கைவேலை. அமைச்சர் தோட்டத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை ஆறு மணிக்குப் பழைய கட்டடத்தில் விளக்குகள் அணையவில்லை. மறுநாளிலிருந்து ஆறு மாடிகளில் ஐந்து காலி. ஒன்றில் மட்டும் மெஷின்கள் ஓடின. மாமியாருக்கு ஏக குஷி.

"மகாராணிக்குக்கூட இப்படிக் கொடுத்து வெச்சிருக்காது. முழு ஆஸ்பத்திரியும் எனக்கே," என்றாள். பக்கத்து நாற்காலிக்காரரை, நடைவழியில் எதிரொலி எப்படி வருகிறது என்று பார்க்கக் கத்தச் சொன்னாள். அவரும் கத்தினார். காவல்காரர் மூன்று மாடி ஏறி ஓடிவந்தார்.

புதிய கட்டடத்தில் இன்ஜினியர் லைனின் கடைக்கோடியைப் பிரித்துப் பார்த்தார். தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கிற ஒரு முழ நீளக் குழாய், எதற்கென்று யாருக்கும் தெரியாமல், மூடி போட்டுக் கிடந்தது. வெட்டி எறிந்தார், இரண்டு தடவை கழுவினார். மறுபடி தண்ணீர், மறுபடி ஏழு நாள். இந்த ஏழு நாளில் பெரிய டாக்டர் தினமும் காலை புதிய கட்டடத்தில் ஒரு சுற்று, மாலை பழைய கட்டடத்தில் ஒரு சுற்று வந்தார். யாரும் கூப்பிடாமலே நடைவழிச் சுவருக்கும் வந்து தன் வரியைப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை ரிசல்ட் வந்தது. நான்கும் சுத்தம்.

திங்கட்கிழமை காலை மாமியார் மூன்றாம் மாடியில் நான்காம் நாற்காலியில் சாய்ந்தாள். சிஸ்டர் எடை பார்த்தாள், பி.பி. பார்த்தாள், தண்ணீர் லைனைத் திறந்தாள். பட்டியலக்கா காலடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் பட்டியல் இல்லை. மாமியாரின் கையைப் பிடித்திருந்தாள், குளிர்கிறதா என்று பார்ப்பதற்காக. அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

முதல் மணி நேரம் போயிற்று. இரண்டாவது போயிற்று. ஜுரம் இல்லை, நடுக்கம் இல்லை. வாசலில் பெரிய டாக்டர் நின்றுகொண்டே இருந்தார்.

"இவர் எதுக்கு என்னையே பார்த்துக்கிட்டு நிக்கறார்?" என்று மாமியார் ரகசியம் பேசுவதாக நினைத்து அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். "பெண் பார்க்க வந்த மாதிரி இருக்கு. எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லு."

நான்கு மணி நேரமும் முடிந்து, ஊசி எடுத்து, பஞ்சு வைத்து அழுத்திய பிறகுதான் அவர் உள்ளே வந்தார். நோட்டை வாங்கித் தன் வரிக்கு எதிரே 'முடிந்தது' என்று எழுதினார்.

"முடிஞ்சுதாம்மா?" என்று பட்டியலக்காவிடம் கேட்டார். உத்தரவு கேட்கிற குரல்.

"இந்த வரி முடிஞ்சுது சார். ஆனா இந்த லைனை மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணணும். மெஷின் ஓடற வரைக்கும். அதுக்கு ஆள் இன்னும் இல்ல."

இன்ஜினியர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் இன்ஜினியரைப் பார்த்தாள். பெரிய டாக்டர் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"என்னுது. என் ஒருத்தியோடது," என்றாள். மாமியாரின் கை கிடந்த நாற்காலிக் கைப்பலகையிலேயே நோட்டை வைத்து எழுத ஆரம்பித்தாள்.

"ஏம்மா, மெதுவா எழுது, என் கை ஆடுது," என்றாள் மாமியார்.